ஆள்காட்டிகள் கத்தாத காலை

ஓர் ஏரிக்கரையில் ஆள்காட்டிக் குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. கூடு கட்டத் தெரியாத பறவைகள் அவை. சரளைக்கல் தரையில் ஒரு சின்னக் குழி, அதில் நான்கு முட்டைகள், அவ்வளவுதான் குடித்தனம். அதனால் எது அசைந்தாலும் கத்திவிடும். புலி வந்தாலும் கத்தும், முயல் வந்தாலும் கத்தும். காட்டில் பாதிப் பேருக்குத் தூக்கமே இல்லை. ஆனாலும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் ஒரே கத்தல்தானே!

இரண்டு மலைகளுக்கு அப்பால் ஒரு சுனை இருந்தது. அதற்காகக் காட்டுப்பன்றிகளும் செந்நாய்களும் அடித்துக்கொண்டிருந்தன. நமக்கு அதில் என்ன வேலை என்று, குருவிகளின் தலைவன் நெடுங்காலன் அந்தப் பேச்சையே எடுக்கவிடுவதில்லை. அவன் மனைவி செவத்தி அப்போதுதான் முட்டையிட்டிருந்தாள்.

ஒருநாள் பன்றிகளின் தூதன் வந்தான். மிகவும் மரியாதையாகப் பேசினான். ஈர மண்ணைக் கிளறிப் புழுக்களை வெளியே எடுத்துப் போட்டான். முட்டைகள் இருக்கும் பக்கம் தன் ஆட்கள் கால் வைக்கமாட்டார்கள் என்று உறுதி கொடுத்தான். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னான்.

"நாளைக்குக் காலையில நாங்க இந்தக் கரை வழியாப் போவோம். அப்ப மட்டும் கொஞ்சம் சத்தம் போடாம இருங்கண்ணே. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

செவத்திக்கு மனம் ஒப்பவில்லை. "யார் வந்தாலும் கத்துறது நம்ம வழக்கம். இவங்களுக்கு மட்டும் வாயை மூடலாமா?"

நெடுங்காலன் சிரித்தான். "சண்டைக்கா கூப்பிடுறான்? சும்மா இருக்கத்தானே சொல்றான். அதுல என்ன தப்பு?"

மறுநாள் காலை முப்பது பன்றிகள் கரையோரமாகப் போயின. குருவிகள் தொண்டை வரை வந்த கத்தலை விழுங்கிக்கொண்டன. ஏரிக்குப் பின்னால் இருந்த சரிவில்தான் செந்நாய்களின் குகை. ஆண் நாய்கள் எல்லாம் சுனைக்குப் போயிருந்தன. யாராவது வந்தால் ஆள்காட்டி கத்துமே என்று நம்பித் தாய் நாய்கள் அயர்ந்து தூங்கின. அன்று ஐந்து குட்டிகள் செத்தன.

மாலையில் செந்நாய்கள் கரைக்கு வந்தன. இப்போது குருவிகள் காது கிழியக் கத்தின.

தலைமை நாய் நின்று கேட்டது: "இந்தத் தொண்டை காலையில எங்கே போச்சு?"

"நாங்க யாரையும் தொடலையே. நாங்க எந்தப் பக்கமும் இல்ல" என்றான் நெடுங்காலன்.

"எங்க பிள்ளைங்க போயிட்டாங்க" என்றது நாய். நாய்கள் சரளைத் தரையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடின. ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை.

செவத்தி அழுத அழுகையை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. நெடுங்காலன் பன்றிகளிடம் ஓடினான். உதவி வேண்டுமென்றால் சண்டைக்கு வந்து சேருங்கள் என்றன அவை. கோபத்தில் கண் தெரியாமல் குருவிக் கூட்டம் கிளம்பியது. மலையைத் தாண்டும்போது செவத்தி கேட்டாள்:

"அந்தச் சுனை நிஜமா யாருடையது?"

நெடுங்காலனுக்குத் தெரியவில்லை. அவன் அதை ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு பக்கத்தாருக்காக மட்டும் வாயை மூடிக்கொள்கிறவன், கை ஓங்காமலேயே அவர்கள் சண்டைக்குள் போய்விடுகிறான்.