தட்டில் பிலோமி இல்லை

ஐம்பது வயதில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர் அருளப்பன். மகள் பிலோமிக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்த பிறகுதான் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. வழிகாட்டி நாச்சியார் அவரைவிடப் பத்து வயது சின்னவர். இவர் மேடம் என்பார், அவர் சார் என்பார். ஆய்வுக்கூடமே வேடிக்கை பார்க்கும்.

தன் சிறுநீரகத்தை எடுத்த அறுவை சிகிச்சையில் மிஞ்சிய ரத்தக்குழாய்த் துண்டிலிருந்து உட்சுவர் செல்களைப் பிரித்துத் தட்டுகளில் வளர்த்தார் அருளப்பன். எல்லாம் அவருடைய செல்கள். ஒரு தட்டில், வைத்த சிறுநீரகம் நிலைப்பதற்காகப் பிலோமி தினமும் விழுங்கும் மருந்தை விட்டார். இன்னொன்றில் விடவில்லை.

ஒரு நாள் காலை மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மோசம் போயிட்டேன் மேடம்! மருந்து விட்ட தட்டைப் பாருங்க. செல் எல்லாம் சுருங்கிக் கிடக்கு. விடாதது ஜம்முனு இருக்கு. இந்த விஷத்தையா என் பிள்ளை ரெண்டு வேளையும் முழுங்குது? இப்பவே பாதியாக் குறைக்கச் சொல்லப் போறேன்."

போன் கையில் தயாராக இருந்தது.

நாச்சியார் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"நிஜம்தான் சார். மருந்து இதுகளைப் பாடாய்ப் படுத்துது."

சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்த அருளப்பனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"ஆனா உங்க தட்டுல பிலோமி இல்லையே சார்."

"புரியலையே."

"பிலோமி இன்னைக்கு ரத்தப் பரிசோதனைக்கு வந்திருக்குல்ல? அதுகிட்டக் கேட்டு ஒரு குழாய் ரத்தம் அதிகமா வாங்கிட்டு வாங்க. தட்டு பதில் சொல்ற வரைக்கும் மாத்திரை முழுசாவே இருக்கட்டும். எனக்காக."

வந்த ரத்தத்திலிருந்து, அந்நியமானதைத் தாக்கும் வெள்ளை அணுக்களைப் பிரித்து, இரண்டு தட்டிலும் விட்டு, இன்குபேட்டரில் வைத்து மூடினார் நாச்சியார்.

சில நாள் கழித்துத் திறந்தார்கள்.

மருந்து விட்ட தட்டில் செல்கள் வாடித்தான் இருந்தன. ஆனாலும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஜம்மென்று இருந்த தட்டில் அனேகமாக எதுவும் மிச்சமில்லை.

அருளப்பன் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "என் பிள்ளை ரத்தமா மேடம் என்னை இப்படிப் பண்ணுது?"

"அதுக்கு உங்களைத் தெரியாது சார். அப்பான்னு யார் போய் அதுகிட்டச் சொல்றது?"

அப்போது போன் அடித்தது. பிலோமிதான்.

"அப்பா, அன்னைக்கு ரத்தம் எடுக்கும்போது மாத்திரை பத்தி என்னமோ சொல்லணும்னீங்களே?"

"நேரத்துக்குப் போடு தாயி. ஒரு வேளை கூட விட்டுராதே. கூட்டுறது குறைக்கிறதெல்லாம் டாக்டர் சொல்லட்டும்."

"ஏன்பா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. வை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"மருந்து அந்தச் சிறுநீரகத்தை நோகடிச்சுட்டேதானே இருக்கும் மேடம்?"

"இருக்கும். பிலோமி சின்னதா இருந்தப்போ திருவிழாவுல சப்பரம் பாக்கத் தூக்கிட்டுப் போவீங்களா சார்?"

"பின்னே? தோள்லதான் உக்காரும்."

"தோள் நோகாதா?"

"நோகாம இருக்குமா? அதுக்காகக் கூட்டத்துல பிள்ளையை இறக்கி விட..."



"பிலோமிக்குள்ள இருக்கிறதும் நீங்கதானே சார்" என்றார் நாச்சியார்.