முன் இடது சில்லு

“ரீச்சர், இன்னும் என்ன பிழை இருக்கு இந்த வண்டியில?”

குலசிங்கம் இப்படிக் கேட்பது எத்தனையாம் தடவை என்று அவருக்கே தெரியாது.

பெனடிக்ரா ரீச்சர் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். கேள்வி காதில் விழாத மாதிரி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

ரீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர் அல்ல. கண்ணிவெடி அகற்றுகிறவர்களின் வாகனங்களைக் காட்டுப் பாதைகளில் ஓட்டியவர், பிறகு மற்றச் சாரதிகளைப் பழக்கியவர். அந்த வேலை முடிந்ததும் குளக்கட்டுக்குக் கீழே தகரக் கொட்டில் ஒன்றைப் போட்டு, பழைய வாகனங்களைக் காட்டுக்கு ஆயத்தம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். குலசிங்கத்தைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் குலசிங்கம் அவரிடம் கைகட்டி நின்றார். பயந்துபோன மனிதருக்கு வயது எங்கே ஞாபகம் வரும்.

குலசிங்கத்தின் மனைவி சறோ காட்டோரக் குடியிருப்புகளில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது. சனங்களுக்கு அவள் மிஸி. அவளைக் கூட்டிப்போகத்தான், ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்துக் கப்பலில் வந்திறங்கிய பழைய ஃபோர்வீல் ஜீப்பை அவர் வாங்கினார்.

போன மாரியில், காட்டுக்கு நடுவே, கிறவல் றோட்டின் குலுக்கலில் முன் இடது சில்லின் நட்டுகள் இளகிவிட்டன. சில்லு தனியே கழன்று பற்றைக்குள் ஓடியது. ஜீப் ஒரு பக்கம் குத்திக்கொண்டு நின்றது. உள்ளே பிரசவ வலியோடு ஒரு பெண்.

பிள்ளை ஜீப்பிலேயே பிறந்தது. பிறந்து அழவில்லை. சறோ அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது வாயைத் திறந்து அழுவதற்குள் குலசிங்கத்துக்கு உயிர் போய் வந்தது.

அந்தப் பிள்ளை இப்போது வீடு முழுக்கத் தவழ்கிறதாம். குலசிங்கம்தான் இன்னும் அந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை.

“இந்த வண்டி இனி ஒருக்காலும் வழியில நிக்கக் கூடாது” என்று சொல்லிக்கொண்டுதான் ரீச்சரிடம் முதலில் வந்தார்.

“நிக்காத வண்டி ஒண்டையும் நான் இதுவரைக்கும் காணேல்லை அண்ணை” என்றார் ரீச்சர்.

அதைக் குலசிங்கம் பகிடி என்று எடுத்துக்கொண்டார்.

ரீச்சர் சொன்ன வேலையெல்லாம் செய்தார். வெடித்துப்போன றப்பர்க் குழாய்கள், பிரேக், பெல்ட் எல்லாவற்றையும் மாற்றினார். கல் அடிக்காமல் எஞ்சினுக்குக் கீழே இரும்புத் தகடு பூட்டினார். சொல்லாத வேலையையும் செய்தார். கூரையில் உபரிச் சில்லுகள், எண்ணெய்க் கான்கள், சங்கிலி, மண்வெட்டி, கோடரி என்று ஏற்றிக் கட்டினார். பார்த்தவர்கள் குலசிங்கம் ஊரைவிட்டே போகிறார் என்று நினைத்தார்கள்.

ரீச்சர் தானே சாரதி சீற்றில் ஏறினார். அவரைப் பக்கத்தில் இருத்தி, குளக்கட்டு வளைவில் ஜீப்பைக் கொஞ்சம் வேகமாகத் திருப்பினார். ஜீப் குளத்துப் பக்கம் சாய்ந்தது. குலசிங்கம் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்ததும், யாரும் கேட்காமலே கூரையில் ஏறி எல்லாவற்றையும் அவிழ்த்து இறக்கினார்.

இன்னொரு நாள் ரயர்களுக்குக் கல்லுமாதிரிக் காற்று அடித்துக்கொண்டு வந்தார். ரீச்சர் கிறவலில் ஓட்டிக் காட்டினார், குலசிங்கத்தின் பல்லெல்லாம் ஆடியது. பிறகு கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு அதே பாதையில் ஓட்டினார். குலசிங்கம் தலையைச் சொறிந்துகொண்டார்.

இப்படி எல்லாம் முடிந்தது. ஆனால் சாவி மட்டும் ரீச்சரின் பொக்கற்றைவிட்டு வரவில்லை.

கச்சான் கோது கீழே விழுந்துகொண்டிருந்தபோது குலசிங்கத்தின் போன் அடித்தது. சறோதான்.

பாலைக்குடியிருப்பில் தர்சினிக்கு நாளுக்கு முன்னமே வலி தொடங்கிவிட்டது. அவளுக்கு இது தலைப்பிள்ளை, இரத்த அழுத்தமும் இருக்கிறது. அந்தப் பாதையில் வேறு வாகனம் இறங்காது. மழை விழுந்தால் இடையில் இருக்கிற ஆறு பெருகிப் பாதையை மறித்துவிடும், பிறகு யாராலும் போகவும் முடியாது, வரவும் முடியாது. பையை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் வந்துகொண்டிருக்கிறேன் என்றாள் சறோ.

குலசிங்கம் கையை நீட்டினார்.

“சாவியைத் தாங்கோ ரீச்சர்.”

“வண்டி தயாரில்லை அண்ணை.”

குலசிங்கத்துக்குப் பொறுமை கெட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போய், நீளமான இரும்புக் குழாய் ஒன்றை எடுத்து வந்தார். சில்லு கழற்றும் ஸ்பனரின் பிடியில் குழாயைச் செருகி, ஒவ்வொரு நட்டிலும் மாட்டி, அதன்மேல் ஏறி நின்று மிதித்தார். அந்த மாரிக்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அவர் வீட்டில் செய்கிற வேலை இது. ரீச்சருக்கு முன்னால் இன்றைக்குத்தான் செய்தார். நட்டு கிறீச்சிடும் வரை விடமாட்டார். முன் இடது சில்லுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக மிதி விழுந்தது.

ரீச்சர் கச்சான் பையை மடித்து வைத்தார்.

“இனி ஒரு நட்டும் கழராது” என்றார் குலசிங்கம், மூச்சு வாங்கியபடி.

“விளங்குது” என்றார் ரீச்சர்.

ஓட்டோ வந்து நின்றது. சறோ பையோடு இறங்கி நேரே ஜீப்புக்கு வந்தாள். தூரத்தில் இடி உருண்டது.

ரீச்சர் எழும்பிப் போய் முன் இடது சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். வால்வு மூடியைத் திறந்து உள்ளே இருந்த ஊசியைக் கழற்றி எடுத்தார். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. ரயர் கண்ணுக்கு முன்னாலேயே சப்பளிந்தது.

குலசிங்கம் ரயருக்குப் பக்கத்தில் ஓடி வந்தார்.

“உங்களுக்கென்ன விசரா ரீச்சர்? அங்க ஒரு பெட்டை வலியில கிடக்கிறாள்.”

ரீச்சர் அவரைப் பார்க்கவில்லை. ஸ்பனரைச் சறோவிடம் நீட்டினார்.

“இப்ப நாங்கள் நடுக்காட்டுக்க நிக்கிறம், மிஸி. தர்சினி உள்ளுக்க படுத்திருக்கிறா. முன் சில்லு காத்துப் போயிட்டுது. அண்ணையைப் பாம்பு கடிச்சிட்டுது. கழட்டுங்கோ.”

சறோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். விளக்கம் கேட்க நேரம் இல்லை. ஸ்பனரை வாங்கி நட்டில் மாட்டி இரண்டு கையாலும் அமுக்கினாள். அசையவில்லை. உடம்புப் பாரத்தை முழுக்கக் கொடுத்தாள். அசையவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்பனரின் மேல் ஏறி மிதித்தாள். ஸ்பனர் நழுவியது. சறோ கிறவலில் முழங்கால் அடிபட விழுந்தாள்.

குலசிங்கம் பாய்ந்து வந்தார். ரீச்சர் கையை நீட்டி மறித்தார்.

“உங்களைப் பாம்பு கடிச்சிருக்கு.”

சறோ எழும்பி மற்ற நட்டுக்குப் போனாள். பிறகு அடுத்ததற்கு. உள்ளங்கைத் தோல் உரிந்து சிவந்துவிட்டது. கடைசியில் நிமிர்ந்து, மூச்சை இழுத்து விட்டு, கணவனிடம் கேட்டாள்.

“இதை எதால இறுக்கினனீங்கள்?”

“குழாயால.”

“அந்தக் குழாயை வண்டிக்க வச்சிருக்கிறீங்களோ?”

குலசிங்கம் குழாயைப் பார்த்தார். அது ஜீப்புக்குள் அடங்காத நீளம். கொட்டிலின் சாமான். வீட்டில் அவர் பாவிக்கிற குழாயும் அதே நீளம்தான், ஒருநாளும் வண்டியில் ஏறியதில்லை.

சறோ ஏசியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அவள் ஜீப்பின் பின் சீற்றைத்தான் பார்த்தாள், அந்தப் பிள்ளை பிறந்த சீற்றை.

குலசிங்கத்துக்குக் காடு தெரிந்தது. மழை தெரிந்தது. உள்ளே தர்சினி, வெளியே இந்தச் சில்லோடு மல்லுக்கட்டுகிற சறோ, பக்கத்தில் ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கிற தான். அப்படியே கொட்டிலின் படிக்கல்லில் இருந்துவிட்டார்.

இருந்தவர் அதிக நேரம் இருக்கவில்லை. எழும்பிக் குழாயை எடுத்தார். நாலு சில்லின் நட்டுகளையும் ஒவ்வொன்றாக இளக்கினார். ஒவ்வொன்றும் கத்திக்கொண்டுதான் விட்டுக்கொடுத்தது. பிறகு குழாயை உருவிக் கொட்டிலுக்குள் எறிந்துவிட்டு, ஸ்பனரைச் சறோவின் கையில் கொடுத்தார்.

“நீ இறுக்கு.”

சறோ கையால் இறுக்கினாள். ரீச்சர் வால்வு ஊசியைப் பூட்டிக் காற்று அடித்தார்.

குலசிங்கம் பக்கத்தில் போய் நின்றார். கேட்க வெட்கமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

“ரீச்சர், கையால இறுக்கினா குலுக்கத்தில திரும்ப இளகும்தானே?”

“இளகும்.”

“அப்ப என்ன செய்யிறது?”

“இடையில நிப்பாட்டி இறங்கிப் பாருங்கோ.”

சாவி குலசிங்கத்தின் கையில் விழுந்தது.

தார் றோட்டு முடிந்து கிறவல் தொடங்கியது. ஜீப் குலுங்கியது. குலசிங்கம் வானத்தையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்து ஓட்டினார். ஆறு வருமுன் மழை வந்துவிடுமோ என்ற பயம் விடவில்லை. போன மாரியில் சில்லு கழன்று ஓடிய இடத்துப் பழைய மதகைக் கண்டதும் கால் தானாகவே அக்சிலேற்றரை அமத்தியது.

“நிப்பாட்டுங்கோ” என்றாள் சறோ.

“ஆத்தைக் கடந்திட்டு நிப்பாட்டுறன்.”

“இங்க நிப்பாட்டுங்கோ.”

நிறுத்தினார். அவர் கதவைத் திறப்பதற்குள் சறோ ஸ்பனரோடு இறங்கிவிட்டாள். முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. குலசிங்கம் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம் பின் பக்கமிருந்து ஒவ்வொரு சில்லாக வந்தது. முன் இடது சில்லில் அது நின்றது. கொஞ்சம் நேரம் எடுத்தது.

சறோ ஏறி உட்கார்ந்தாள்.

“இளகிக் கிடந்ததோ?”

“ஒண்டு. இறுக்கிட்டன்.”

குலசிங்கம் ஸ்பனரை வாங்கித் தன் காலடியில் வைக்கக் கையை நீட்டினார்.

சறோ அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இது என்னட்டக் கிடக்கட்டும். நீங்கள் வண்டியை ஓடுங்கோ.”