குருவம்மா வேலையை விட்ட நாள்

ஒரு காட்டுல, பிள்ளைகளா, ஒரு சேத்துக் குட்டை. அதுல ஒரு காட்டுப்பன்னிக் கூட்டம். தலைவர் பேரு மொக்கையன். அவரு வாயைத் திறந்தா முதல்ல "உர்ர்ர்"னு வரும், அப்புறந்தான் பேச்சு வரும். எங்க, மூக்கைச் சுருக்கிட்டு நீங்களும் சொல்லுங்க. ஆங், அவரேதான்.

அந்தக் கூட்டத்துக்குக் காவல், குருவம்மான்னு ஒரு ஆள்காட்டிக் குருவி. பன்னிங்க சேத்துல தூங்குறப்ப இவ மொட்டைப் பாறையில வெயில்ல நிப்பா. சிறுத்தை தலை தெரிஞ்சா, "டிட்டிட்டீ, டிட்டிட்டீ"ன்னு கத்துவா. கூலி, பன்னிங்க மண்ணைக் கிளறுறப்ப வர்ற புழு. அதுவும் மொக்கையன் தின்னது போக மிச்சம். மிச்சம்னா என்ன, வெறும் மண்ணுதான்.

ஒருநாள் சிறுத்தை வந்துச்சு. இவ கத்தின கத்துல ஓடியும் போச்சு. மொக்கையன் எழுந்து, தூக்கத்தைக் கெடுத்துட்டான்னு அன்னைக்குப் புழுவையே நிறுத்திட்டாரு. குருவம்மாவுக்கு வெறுத்துப்போச்சு. நாளை சாயங்காலத்தோட வேலையை விட்டுர்றேன்னு சொல்லிட்டா. அவரு ஒரு கொட்டாவி விட்டாரு, அவ்வளவுதான்.

பக்கத்துல ஓடுற ஆத்துக்கு அக்கரையில காட்டெருமைக் கூட்டம். அதுக்குத் தலைவி பேச்சியக்கா. அவகிட்ட குருவம்மா வேலை கேட்டா. நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள வந்தா சேர்த்துக்கிறேன், சாஞ்சா நாங்க மலையேறிருவோம், அங்க வேற ஆளு பார்த்துக்குவோம்னு பேச்சியக்கா கறாரா சொல்லிட்டா.

மறுநாள் சாயங்காலம் குருவம்மா சொல்லிட்டுப் போக வந்தா. பார்த்தா, மொக்கையன் குட்டைக் கரையிலயே எதிர்பார்த்து நிக்கிறாரு.

"உர்ர்ர்... குருவம்மா, தாயி, உக்காரு."

ரெண்டு மழைக்காலமா ஒருநாள்கூட உக்காருன்னு சொல்லாத மனுசன். தேக்கிலையில கொழுகொழுன்னு புழுவைக் கொட்டி முன்னால வச்சாரு. இனிமே நிழல்ல நிக்கலாம்னாரு, காவல் தலைவின்னு பட்டம்னாரு. குட்டிகளை வரிசையா நிறுத்தி அழ வச்சாரு. ஒரு குட்டிக்கு அழுகை வரல, அது காலை நைசா மிதிச்சாரு.

குருவம்மாவுக்கு மனசு இளகிருச்சு. முதுகுல கோடு போட்ட பொடிக் குட்டியா இருந்ததுலேர்ந்து அவ காத்த பிள்ளைக. இருக்கவா, போகவா? சூரியன் மரத்து உச்சிக்கு இறங்கிட்டான். அக்கரையில எருமைக ஒண்ணொண்ணா எழுந்திருக்குது. ஒரு கால் ஆத்தைப் பார்க்குது, ஒரு கால் புழுவைப் பார்க்குது.

"யோசி தாயி, அவசரமில்ல. அதுவரைக்கும் ஒருதடவை கத்திக் காட்டு. உன் குரலைக் கேட்காம எனக்குத் தூக்கம் வராது."

கத்தினா. இன்னொரு தடவைன்னாரு. கத்தினா. இந்தத் தடவை மெதுவா, பிரிச்சுப் பிரிச்சுன்னாரு. தூக்கம் கெடுதுன்னு கூலியை நிறுத்தினவரு எதுக்குப் பிரிச்சுக் கேட்கிறாரு? குருவம்மா அலகை மூடிக்கிட்டா.

மூடின அப்புறமும் "டிட்டிட்ட்..."னு சத்தம் வருது. முள்ளுப் புதர்லேர்ந்து. இவ குரலேதான்.

எட்டிப் பார்த்தா, யாரு கத்தினாலும் அப்படியே கத்துற கரிச்சான் குருவி உக்காந்திருக்கான்.

"கோவிச்சுக்காதக்கா. நேத்தே வேலைக்குச் சேர்ந்துட்டேன். கடைசி 'டீ' மட்டும் வரமாட்டேங்குது. அது வந்துட்டா உன்னை அனுப்பிரலாம்னு தலைவரு சொன்னாரு."

சூரியன் பாதி இறங்கிட்டான். மொக்கையன் குறுக்கே வந்து மறிச்சாரு. இவனை இப்பவே விரட்டிர்றேன், உனக்கு இன்னும் ரெண்டு இலை புழுன்னாரு.

குருவம்மா அவரை நேராப் பார்த்தா. "நேத்து நான் தூக்கத்தைக் கெடுத்தவ. இன்னைக்கு நான் தாயி. நாளைக்கு நான் யாரு, தலைவரே?"

அவரு "உர்ர்ர்"னு ஆரம்பிக்கிறதுக்குள்ள பறந்துட்டா. பாறையைத் தாண்டி, ஆத்தைத் தாண்டி, இறக்கை கடுக்கக் கடுக்க. அக்கரைக்குப் போனா குளம்புத்தடம் மட்டுந்தான் கிடக்கு. தடத்தைப் பிடிச்சு மேல ஏறினா, மூங்கில் புதருக்குள்ள கடைசி வால் ஒண்ணு மறையப் போகுது.

அந்த வாலுக்குச் சொந்தக்காரி திரும்பினா. பேச்சியக்காதான்.

"ஏண்டி இவ்வளவு நேரம்?"

"ஒருத்தரு விருந்து வச்சாரு அக்கா."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"நல்லது. முன்னால பற. மேட்டுல என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லு."

நீதி: போறேன்னு சொன்ன பிறகு பொங்குற பாசம் உன்மேல இல்ல, அடுத்த ஆள் தயாராகுற வரைக்குந்தான்.