வெள்ளச்சி சொன்ன எண்

போரில் தோற்ற ஊரின் ஆண்களையெல்லாம் பாளையக்காரர் சிறையில் அடைத்துவிட்டார். கணக்கில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம் அவருக்கு. கெஞ்சி வந்த பெண்களிடம், "ஆளுக்கொரு பெரிய எண் சொல்லுங்கள். இரண்டு முதல் பத்து வரை எனக்குப் பிடித்த எண்ணால் வகுப்பேன். எத்தனை மிஞ்சுகிறதோ அத்தனை பேரைக் கூட்டிப் போங்கள்" என்றார்.

அவர்கள் சொன்ன எண்களெல்லாம் ஏதாவது ஒன்றால் மீதியின்றி வகுபட்டன. அழுதுகொண்டே திரும்பினார்கள்.

கடைசியாக வெள்ளச்சி வந்தாள். அவள் புருஷன் சடையனும் சிறையில் இருந்தான்.

"இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று, சாமி."

பாளையக்காரர் இரண்டால் வகுத்தார், ஒன்று மிஞ்சியது. மூன்றால், ஏழால், பத்தால் வகுத்துப் பார்த்தார். எப்போதும் ஒன்று மிஞ்சியது. சபையில் யாரோ சிரிக்கவும் அவர் முகம் கறுத்தது.

"என்னடி சூது இது?"

"சூதில்லை சாமி. இதில் ஒன்று குறைத்தால், இரண்டிலிருந்து பத்து வரை எல்லா எண்ணாலும் வகுபடும். அதன்மேல் ஒரு ஆளைச் சேர்த்தேன்."

"ஒரே ஆள்தானே!"

"நீங்கள் இரண்டால் வகுத்தால் எந்த எண்ணிலும் ஒன்றுக்கு மேல் மிஞ்சாதே, சாமி."

வேறு வழியின்றிச் சிறையைத் திறக்கச் சொன்னார். வெள்ளச்சி சடையனின் கையைப் பிடித்தாள். அவன் கையை விடுவித்துக்கொண்டு, காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டு மாடசாமியைத் தூக்கி நிறுத்தினான்.

"இவனுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கு. கூட்டிப் போ, புள்ள."

அவள் மாடசாமியைத் தாங்கிக்கொண்டு ஊர் வரை நடந்தாள். பிள்ளைகள் ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டபோதுதான் வெள்ளச்சி வாய்விட்டு அழுதாள்.