தென்கரைக் கோட்பாடு

உடும்பை முதலில் வஞ்சித்தது மயில்தான்.

குளத்தின் தென்கரையில் ஒரு பழைய புற்று. உடும்பு அதில்தான் குடியிருந்தது. மயில் கொத்தி விரட்டியிருந்தால்கூட உடும்பு மன்னித்திருக்கும். மயில் அப்படிச் செய்யவில்லை. மருதமரக் கிளையில் ஏறி நின்று, எல்லா விலங்குகளுக்கும் கேட்கும்படி அகவியது.

"இனி தென்கரையில் யாரும் கால் வைக்கக் கூடாது. அது நம் காட்டின் கோட்பாடு!"

"பெரிய சொல்லாக இருக்கிறது. பெரிய விஷயமாகத்தான் இருக்கும்" என்றது காட்டுப்பன்றி. மற்றவையும் தலையாட்டின.

உடும்பு வடகரைப் பாறை இடுக்கில் போய் ஒண்டிக்கொண்டது. பிடித்ததை விடாத இனம் அது. கோபத்தையும் விடவில்லை.

கோடை முற்றியது. வடகரையில் தண்ணீர் வற்றிச் சேறானது. தென்கரைதான் ஆழமான பக்கம். அங்கே மட்டும் தண்ணீர் தெளிந்து கிடந்தது. புள்ளிமான் குட்டி சேற்றை நக்கிப் பார்த்துவிட்டு, கால் மடங்கி விழுந்தது.

"மயிலக்கா, ஒரு வாய் தண்ணீர்! என் பிள்ளை செத்துவிடும்!" என்று தாய்மான் கதறியது.

"எனக்கு மட்டும் இரக்கம் இல்லையா? கோட்பாட்டை எப்படி மீறுவது?" என்றது மயில்.

உடும்பு இடுக்கிலிருந்து வெளியே வந்தது.

"தென்கரைக்கு ஏன் போகக் கூடாது? காரணம் சொல்!"

"கோட்பாட்டுக்குப் போய்க் காரணம் கேட்பதா?"

"அதற்குத்தான் கேட்க வேண்டும்! விதி என்றால் எல்லோரும் கூடி வைப்பது. நாம் எப்போது கூடினோம்? வழக்கம் என்றால் பாட்டன் காலத்திலிருந்து வருவது. என் பாட்டன் தென்கரையில்தான் படுத்துக் கிடந்தான்! கோட்பாடு என்றால், இது உண்மை, இன்ன காரணத்தால் உண்மை என்று கற்பிப்பது. உண்மையானால் சோதித்தாலும் நிற்கும். அங்கே கால் வைத்தால் எனக்கு என்ன ஆகும்?"

மயில் விழித்தது. "செத்து... செத்துப்போவாய்!"

"அதையும் பார்த்துவிடுவோம்!"

உடும்பு கரையைச் சுற்றி நடந்தது. உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் மயில் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரும்பி வர முடியுமா? தென்கரையில் கால் வைத்தது. ஒன்றும் ஆகவில்லை. வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது.

"அடேய், உயிரோடு இருக்கிறாயே!" என்று பன்றி கத்தியது.

"உனக்கு அதில் வருத்தமா?"

அவ்வளவுதான்! விலங்குகள் தென்கரையை நோக்கி ஓடின. மயில் பறந்து வந்து குறுக்கே விழுந்தது.

"ஐயோ, மிதித்துவிடாதீர்கள்! புற்றடியில் என் முட்டைகள்!"

எல்லாம் சட்டென்று நின்றன.

"அட, இவ்வளவுதானா?" என்றது பன்றி. "அன்றைக்கே சொல்லியிருந்தால் சுற்றிப் போயிருப்போமே! இது கோட்பாடு இல்லையம்மா, வேண்டுகோள்."

"வேண்டிக் கேட்டால் மறுத்துவிடலாமே! அதோடு இந்த உடும்பு முட்டை தின்னும்!"

எல்லாம் உடும்பைப் பார்த்தன.

"தின்பேன்தான்" என்றது உடும்பு. "அதைச் சொல்லி என்னோடு சண்டை போட்டிருக்கலாம். மான்குட்டியின் தொண்டையை ஏன் அடைத்தாய்?"

மயில் இறக்கையை மடக்கிக்கொண்டு புற்றடிக்கு ஒதுங்கியது.

விலங்குகள் புற்றை விட்டு விலகி, ஒன்றன் பின் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கின. தாய்மான் குட்டியை முட்டி முட்டித் தள்ளிக் கொண்டுவந்து சேர்த்தது. குட்டி குடித்தது. மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மியது. பிறகு தன் காலிலேயே எழுந்து நின்றது. தாய்மான் விட்ட பெருமூச்சில் தண்ணீரில் சிற்றலை எழுந்தது.

உடும்புக்கும் நெஞ்சு லேசானது. ஆனாலும் அது மயிலிடம் போய் நின்றது.

"என் புற்று?"

மயில் முட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தப்பு என்றும் சொல்லவில்லை. திரும்பி வா என்றும் சொல்லவில்லை.

"இருக்கட்டும். நீ எனக்குப் பட்ட கடன் அப்படியே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உடும்பு வடகரைக்கு நடந்தது.

தன் பயத்தைப் பயம் என்று சொன்னால் காடே ஒதுங்கி வழிவிடும். அதற்குக் கோட்பாடு என்று பெயர் வைத்தால் காடே தாகத்தில் தவிக்கும்.