ஆட்டைத் திவசத்துக்கு ஒரு கவிதை

“டீச்சர், மூண்டு மாசமா வாறன். இன்னும் எனக்கு ஒரு நல்ல சொல்லுகூட நீங்கள் சொல்லித் தரேல்லை.”

தவமலருக்கு அறுபது வயது. டீச்சருக்கு நாற்பத்திரண்டு.

ரூத் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று அவர் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். படிப்பிக்கிறவரைப் பெயர் சொல்லத் தவமலருக்கு நாக்கு எழும்பவில்லை.

இங்கிலாந்தில், ஹல் நகரத்து நூலகத்தில் கவிதை வகுப்பு. புதன்கிழமை, காலை பதினொரு மணி. மழைக்குப் பயந்து மற்றவர்கள் ஒருவரும் வரவில்லை.

“என்ன சொல் வேண்டும்?” என்றார் டீச்சர்.

“வாற ஞாயிறு எங்கட அவற்ற ஆட்டைத் திவசம். அவர் செத்து ஒரு வருசம். சனம் வரும், பிள்ளையள் வருவினம். நானே எழுதி வாசிக்கவேணும்.”

“எழுதினீர்களா?”

எழுதியிருந்தாள். தமிழில் எழுதியதை, தனக்குத் தெரிந்த இங்கிலீசில் தட்டித் தடவிச் சொன்னாள். கொடையில் கர்ணன். பொறுமையில் பூமி. உறவுக்கெல்லாம் ஆலமரம்.

டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்ல மனுஷர். யார் இவர்?”

“எங்கட அவர்தான் டீச்சர்! அருளம்பலம்!”

“கர்ணன் என்பது?”

“அது கேட்டதெல்லாம் குடுத்த ராசா.”

“உங்கள் கணவரும் அப்படியா?”

“அவரோ?” தவமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “குடையைக்கூட ஒருத்தருக்கும் இரவல் குடுக்கமாட்டார்.”

சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“எங்கட ஆக்கள் செத்தா, முப்பத்தோராம் நாள் ஒரு புத்தகம் அடிச்சுக் குடுப்பம், டீச்சர். கல்வெட்டு எண்டு சொல்லுறது. அதில இப்பிடித்தான் பாட்டு இருக்கும்.”

“அதையும் நீங்களா எழுதினீர்கள்?”

“லண்டனில ஒருத்தர். இவரை அவர் கண்டதே இல்லை. பிறகு பாத்தா, அதே பாட்டு இன்னொரு வீட்டுக் கல்வெட்டிலயும் கிடக்கு. பேர் மட்டும் வேற.”

மழை யன்னலில் அடித்தது.

“அதுக்குப் பிறகு, விடிய விளக்கேத்திக் கண்ணை மூடினா, அந்தப் புத்தகத்துப் படம்தான் வருது. அவர் வாறேல்லை.”



ரூத் ஹாலம் அந்த ஊரிலேயே பிறந்தவர். பதினாறு வயதில் பிஸ்கட் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர். இன்றுவரை நாலு கவிதைப் புத்தகம். நாலும் மெலிசு. தாயைப் பற்றிய புத்தகத்தைத் தவமலர் அகராதியோடு இரண்டு தரம் வாசித்திருக்கிறாள்.

“அம்மாவைப் பற்றிய புத்தகத்தை எத்தனை நாளில் எழுதினேன் தெரியுமா?” என்றார் டீச்சர்.

“மெலிசுதானே. ஒரு மாசம்?”

“ஒன்பது வருஷம். முதலில் அம்மாவைத் தேவதை என்றேன், கலங்கரை விளக்கம் என்றேன். பக்கத்து வீட்டு டோரீனுக்கு வாசித்துக் காட்டினேன். நாற்பது வருஷம் அம்மாவோடு சிகரெட் பிடித்தவள்.”

“அவ என்ன சொன்னவ?”

“‘நல்லாயிருக்கு ராசாத்தி. ஆர் இது?’”

தவமலர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பிறகு?”

“இஸ்திரிப்பெட்டி சூடாகிவிட்டதா என்று அம்மா துப்பிப் பார்ப்பாள். அதை எழுதினேன். டோரீன் எழும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.”

தவமலர் தன் தாளைப் பார்த்தாள். பூமி. ஆலமரம்.

“அப்ப நான் என்னத்தை எழுத? அவர் அப்பிடி ஒண்டும் பெரிசாச் செய்யேல்லையே, டீச்சர்.”

“அவர் வேலை முடிந்து வந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“செருமுவார்.”

“கதவில் மணி இல்லையா?”

“மணியும் இருக்கு, கதவு திறக்கிற திறப்பும் அவற்ற பொக்கற்றுக்கதான் கிடக்கும். ஊரில ஆம்பிளையள் வாசல் படலையடியில நிண்டு செருமிப்போட்டுத்தான் உள்ள வருவினம். இவர் இஞ்ச நாலாம் மாடியில, கதவடியில நிண்டு செருமுவார். முன்வீட்டு வெள்ளைக்காரி பாவம் பாத்து இருமல் மருந்து வாங்கிக் குடுத்தவ.”

“செருமிக் காட்டுங்கள்.”

“ஐயோ, இஞ்சையோ? லைப்ரரியிலயோ?”

“ஒருவரும் இல்லை.”

தவமலர் கதவைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. பிறகு முதுகை நிமிர்த்தி, நாடியைக் கொஞ்சம் தூக்கினாள்.

சின்னதாக ஒன்று.

ஒரு மூச்சு விட்டு, நீளமாக ஒன்று.



தவமலர் கதிரையை விட்டு எழும்பியிருந்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“உடுப்பை மாத்திப்போட்டு வாங்கோ,” என்றாள் கதவைப் பார்த்து, தமிழில். “தேத்தண்ணிக்குக் கேத்தல் வைச்சிட்டன்.”

டீச்சருக்குத் தமிழ் தெரியாது. என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை.

பென்சிலைத் தவமலரின் பக்கம் உருட்டிவிட்டார்.