உப்பு மூட்டை வாசலுக்கு வந்த கதை

"ஓம மூட்டையை எவன்டா அவிழ்த்தது?"

தேன்கடைக் கரடியார் போட்ட சத்தத்தில் உப்புக்கடைக் கூரையே ஆடியது. கடைக்காரன் சேந்தன் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான். கையெல்லாம் ஓமம் மணந்தது. அப்புறம் பதில் வேறு என்ன வேண்டிக்கிடக்கிறது?

அந்தக் காலத்தில் மிருகங்கள் பேசின, கடையும் வைத்திருந்தன. ஆனால் ஒரு கடைக்கு ஒரு சரக்குதான். தெருவுக்கே பெரியவரான கரடியார் தேன் மட்டும், அணில் மிளகு மட்டும். மாற்றி விற்றால் தெருவை விட்டே துரத்திவிடுவார்கள். ஒரு ரசம் வைக்க ஐந்து கடை ஏறி இறங்க வேண்டும். இது என்ன முறை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்போதுதான் ஆற்றில் வெள்ளம் வந்தது. சேந்தன் கடை மட்டும் மேட்டில் இருந்தது. மற்ற கடைக்காரர்கள் எல்லோரும் தங்கள் மூட்டைகளை அங்கே அடுக்கிவிட்டு மலைக்கு ஓடினார்கள். "காவல் மட்டும் இரு, கட்டை அவிழ்க்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் கரடியார் போனார்.

மறுநாள் நங்கை என்ற ஒருத்தி, இடுப்பளவுத் தண்ணீரில் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். வயிற்றுவலியில் அழுது அழுது குழந்தைக்குக் குரலே போயிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் ஓமம்."

"நான் உப்புக்காரன்மா."

"அப்போ பின்னால அடுக்கியிருக்கிறது என்ன?"

சேந்தனின் கழுதை குறுக்கே வந்து நின்றது. "வேண்டாம் சேந்தா. கடை போனால் ரெண்டு பேரும் புல்தான் தின்னணும். எனக்குப் பரவாயில்லை. உனக்கு?"

சேந்தன் கட்டை அவிழ்த்தான். ஓமத்தைக் காய்ச்சிப் புகட்டியதும் குழந்தை தூங்கிப்போனது. சேதி பரவியது. அடுத்து மிளகு கேட்டு வந்தார்கள், அப்புறம் புளி. ஒன்றை அவிழ்த்தவன் மற்றதை எப்படி மறுப்பான்?

வெள்ளம் வடிந்து திரும்பி வந்த கரடியார்தான் இப்போது கத்திக்கொண்டிருந்தார். அணில் நடுவில் புகுந்தது. "என் மிளகு இங்கேயே இருக்கட்டும். கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து வால் மரத்துப்போச்சு." ஓமக்காரரும் புளிக்காரரும் தலையாட்டினார்கள்.

கரடியாருக்கு இன்னும் எரிந்தது. "இது உப்புக்கடையா? பலசரக்குக் கடை!" திட்டாகத்தான் சொன்னார். "பொழுது சாய்வதற்குள் உப்பைத் தவிர எல்லாவற்றையும் வெளியே எடுத்து வை. இல்லையென்றால் இந்தத் தெருவில் உனக்கு இடமில்லை."

சேந்தன் யோசித்தான். ஓமம் வெளியே போனால் அடுத்த குழந்தைக்கு என்ன செய்வது? உப்பு தெருவில் கிடந்தால் நாய்கூட முகராது.

பொழுது சாய்ந்தது. கரடியார் வந்தார். வாசலில் உப்பு மூட்டை மட்டும் இருந்தது. உள்ளே குழந்தையோடு நங்கை நின்றாள், அவளுக்குப் பின்னால் பாதித் தெரு நின்றது. யாரைத் துரத்துவது என்று தெரியாமல் கரடியார் நின்றுகொண்டே இருந்தார்.

அன்று முதல்தான் அவர் திட்டிய திட்டே கடைக்குப் பெயராகிப்போனது. உப்பு மூட்டையும் ராத்திரி பகலாக வாசலிலேயே கிடக்கிறது. வெளியே வைக்கச் சொன்னது மற்ற சரக்கைத்தான். சேந்தன் அதைச் செய்யவே இல்லை.